ரெண்டு ஆஸை மடக்கிய மகனுக்கு

ஜோயல், டிபன் பையில் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் இந்தக் காகிதங்கள் தட்டுப்பட்டதும் ஏதோ மருந்துச் சீட்டு என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதே. இது உனக்குத்தான். முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். அனுப்பினால் நீ மேலே இரண்டு வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்த உடனே "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன், அப்புறம் இரண்டு பேரும் டிவி பார்ப்போம். இந்த முறை விடுகிற மாதிரி இல்லை. அதனால்தான் பேனா. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சட்டைக் காலரில் சாக்பீஸால் குறி போட்டே பழகிய கை இது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே என் போனை எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னும் அந்த ஃப்ரீ டோர்னமென்ட்ட ஆடிகினுதான் இருக்கியாம்மா? இப்போதான் டிக்கெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாதே. ஜெயிச்சா பேரு மேல வரும், அவ்ளோதான். அதுல இன்னா கீது?" என்றாய். நான் அப்போது வஞ்சிரத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. முள் எடுத்ததெல்லாம் சாக்கு. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்கிற அளவு இல்லை. உனக்குத் தெரிந்த கதைதான் பாதி. மீதிப் பாதி நான் படுத்திருந்த கட்டிலிலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்பது. அதைக் கேள்.

அண்ணனூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் மழைத் தண்ணீரில் நான் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட் சட்டைக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, டிரெயினை விட்டு இறங்கி, நாளைக்குச் சாம்பாரா ரசமா என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். யோசனை முடிவதற்குள் கணுக்கால் முடிந்துவிட்டது. பிளேட் வைத்துக் கட்டி, தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதே மாதம்தான் உன் ஆபீஸில் உங்கள் டீம் மொத்தமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ அதை மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டி வந்த ஆட்டோவிலேயே சொன்னாய். "நல்லதாப் போச்சும்மா, உன்னைப் பார்த்துக்க ஆள் தேடத் தேவையில்ல" என்று சிரித்தாய். சிரிப்பு கண்வரை போகவில்லை என்பதை நான் பார்த்தேன். செக்கிங் செக்‌ஷனில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு ஒரு தையல் விட்டுப்போனால் தெரியாதா?

அப்பா காலையில் லேத் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விடுவார். சேக்காட்டு வீட்டில் நாம் இருவர்தான். ஹாலில் தலையணைகள் மேல் காலைத் தூக்கி வைத்து நான், அடுக்களையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நீ. காலை முழுக்க வேலைக்கு எழுதிப்போடுவாய். எழுதிப்போட்டதற்கெல்லாம் பதில் வருவது மதியம் மூணு மணிக்கு மேல்தான். எல்லாம் ஒரே மாதிரி மரியாதையான பதில், வருந்துகிறோம், வாழ்த்துகிறோம். அந்த மூணு மணி வந்தால் உன் முகம் சுண்டிப்போகும். நான் என்ன கேட்டாலும் "ம்" என்பாய். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று "தம்பி லீவா?" என்று கேட்பார், தினமும் அதே கேள்வி, அந்த மனுஷனுக்கு வேறு கேள்வியே கிடைக்காது. எனக்கோ எழுந்து போய் உன் தலையைத் தடவ முடியாது. அந்த நாட்களில் எனக்குக் கால் வலித்ததைவிட அதுதான் வலித்தது.

அப்படி ஒரு மூணு மணிக்குத்தான் நீ என் போனை வாங்கி அந்த ஆட்டத்தை இறக்கித் தந்தாய். போக்கர். நான் கையை உதறினேன். எங்கள் அப்பா வீட்டில் சீட்டுக்கட்டு என்ற வார்த்தையையே உச்சரிக்க மாட்டோம். கல்யாண வீட்டு மாடியில் சீட்டாடுகிற சத்தம் கேட்டால் எங்களைச் சாப்பிடக்கூட விடாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பிரியாணி வாசனையோடு திரும்பி வந்து வீட்டில் ரவை உப்புமா தின்றிருக்கிறோம். "காசு கிடையாதும்மா. உள்ள போறதுக்கும் காசு இல்ல, தோத்தாலும் காசு இல்ல" என்றாய். "அப்போ எதுக்குடா ஆடுறாங்க?" என்றேன். "கடைசி வரைக்கும் நிக்கிற கொஞ்ச பேருக்கு, காசு வெச்சு ஆடுற மேசைக்கு ஓசி டிக்கெட் தருவாங்க." எனக்குப் புரிந்துவிட்டது. "ஓஹோ, வாசல்ல சந்தனம் குடுத்து உள்ள மொய் வாங்குற கதையா?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அதேதான். நாம சந்தனத்தை மட்டும் தடவிகினு வந்துடலாம்." அந்த மாதத்தில் நீ நிஜமாகச் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் உள்ளே போனேன், ஆட்டத்துக்காக இல்லை.

நீ சொல்லிக்கொடுத்த விதமும் நன்றாகத்தான் இருந்தது. கையில் இரண்டு சீட்டு, அது நமக்கு மட்டும் தெரியும். நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லோருக்கும் பொது. வீட்டில் கிடக்கிற இரண்டு காய், சந்தையில் கிடைக்கிற ஐந்து காய், சேர்த்து நல்லதாக ஒரு குழம்பு வைக்க வேண்டும். பந்தயம் கட்டக் காசுக்குப் பதில் வெறும் சில்லு, அது தீர்ந்தவர் வெளியே. கையில் வந்தது சொத்தைக் காயாக இருந்தால் வைத்துக்கொண்டு அழக்கூடாது, மடக்கிப் போட்டுவிட வேண்டும். மடக்குவது எனக்கு உடனே வந்துவிட்டது. ஒரு நூல் பிரிந்திருந்தாலும் சட்டையைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறவள் நான். அதனால்தான் எனக்கு 'செக்கிங்மேடம்' என்று பெயர் வைத்தாய். உனக்கு 'சுக்குக்காபி'. ஒரே ஆட்டத்தில் நாம் இருவரும் போவதால் சட்டதிட்டமும் போட்டாய். ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது, பேசிவைத்து ஆடக் கூடாது, அது திருட்டு. எனவே நீ அடுக்களை, நான் ஹால், வாயைத் திறக்கக் கூடாது. கடைசியாக ஒரு விதி. முதலில் வெளியே போகிறவர் டீ போட வேண்டும். "நான் எப்படிடா போடுவேன், கால் இப்படி இருக்கே?" என்று கேட்டதற்கு, "அப்போ தோக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

நானும் தோற்கவில்லை! கேட்டால் கேட்டுக்கொள், அந்த நாட்களில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தினமும் நீதான் முதலில் வெளியே போவாய். அடுக்களையிலிருந்து "சே!" என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் அடுப்புப் பற்றவைக்கிற சத்தம், அப்புறம் இஞ்சி தட்டுகிற சத்தம். சுக்குக்காபி அவுட். நீ டம்ளரோடு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் மேற்கொண்டு ஆடுவதை வாய் மூடிப் பார்ப்பாய். அப்படிப் பார்க்கிறபோது உன் போனில் மெயில் வந்த சத்தம் கேட்கும், நீ எடுக்க மாட்டாய். நான் என் தங்கைக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். இன்ஜினியரிங் படித்த பையன், கம்ப்யூட்டர்காரன், என்னிடம் தினம் தோற்கிறான் என்று. அவள் "ஜெபம் பண்ணிக்கோ அக்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ஜெபம் என்றதும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வருகிறது. சர்ச்சிலிருந்து பெண்கள் ஐக்கியத்தார் எனக்காக ஜெபிக்க வந்திருந்தார்கள், சரியாக மூணு மணிக்கு. பாஸ்டரம்மா கண்களை மூடி, என் கணுக்காலுக்காக உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, தலையணைக்கு அடியில் என் போன் கலகலவென்று சில்லறை கொட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. என் முறை வந்துவிட்டதாம். எல்லோரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். நீ அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, கொஞ்சமும் பதறாமல், "மாத்திரை டைம் ஆன்ட்டி, அலாரம்" என்றாய். பாஸ்டரம்மா "பாருங்க, எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று எனக்கே சாட்சி சொன்னார். அவர்கள் போனதும் நாம் சிரித்த சிரிப்பில் எனக்குக் கால் கட்டுக்குள் விண் விண் என்று தெறித்தது. பொய் சொன்னதற்காக உன்னைத் திட்டினேன், திட்டிக்கொண்டே சிரித்தேன். அதற்கும் சேர்த்து இப்போது நன்றி சொல்லிவிடுகிறேன்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாத பாதி. கட்டுப் பிரித்து, வாக்கரை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்து, அப்புறம் ஒரு நாள் வாக்கரையும் விட்டுவிட்டு நாலு எட்டு நடந்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. உன்னை அசத்த வேண்டும் என்றுதான். மூணு மணி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் மிச்சம் இருந்த சில்லு கொஞ்சம்தான், இரண்டு ஆட்டத்தில் வெளியே போய்விடுவேன். வழக்கம்போல "கர்த்தாவே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, போனைக் கட்டிலில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அடுக்களை வாசல்வரை வந்துவிட்டேன். நீ எனக்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். உன் போன் உன் தோளுக்கு மேல் தெளிவாகத் தெரிந்தது. உன் கையில் ரெண்டு ஆஸ்.

அந்த ஆட்டத்தில் கைக்கு வருகிற சீட்டில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ரெண்டு ஆஸ் வந்தால் மடக்குகிறவன் மடையன் என்றும் நீதான் சொன்னாய். நான் பார்க்கப் பார்க்க நீ அதை மடக்கினாய். யோசிக்கக்கூட இல்லை. அடுத்த கைக்கு ஒரு ஏழும் ஒரு இரண்டும் வந்தது, குப்பையிலும் குப்பை. அதை வைத்துக்கொண்டு உன்னிடம் குவிந்திருந்த சில்லு அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளினாய். போச்சு. சுக்குக்காபி அவுட். "சே!" என்று ஹாலுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு எழுந்து பால் பாக்கெட்டை எடுத்தாய்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் 'கர்த்தாவே' என்று சொல்வதுதான் உனக்கு மணி. அம்மா தோற்கப்போகிறாள், தோற்றால் எழுந்து வந்து டீ போடுகிறேன் என்று வீம்பு பிடிப்பாள், அதற்குள் நாம் தோற்றுவிட வேண்டும். இத்தனை நாளும் அதுதான் நடந்திருக்கிறது. ஊரெல்லாம் உன்னை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களடா அவை. ஜெயிக்கிற மாதிரி உன் கையில் ஏதாவது வந்த இடம் அந்த ஒரு போன்தான். அதையும் நீ தினமும் எனக்காகத் தூக்கிப் போட்டிருக்கிறாய், ஒரு டம்ளர் டீக்காக. நான் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன், நீ சங்கடப்பட்டிருப்பாய். வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டேன். நீ டீ கொண்டு வந்து, "இன்னிக்கும் நீதாம்மா" என்றாய். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஜோயல், உன்னைப் பெற்றதற்காக நான் எத்தனையோ முறை கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அன்று சொன்னது வேறு மாதிரி நன்றி. என் வயிற்றில் பிறந்தவன் என்பதற்காக இல்லை, இப்படி ஒரு மனுஷன் என் வீட்டில் இருக்கிறான் என்பதற்காக.

மறுநாள் நீ பார்க்கவே எழுந்து நடந்தேன். "இனிமே ஒழுங்கா ஆடு, தோத்தவங்க டீ போடணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று நீ நிஜமாக ஆடினாய். நான் முதலில் வெளியே போய், அடுக்களையில் உன் பக்கத்தில் நின்று டீ போட்டேன். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஆடி, கடைசி மேசைவரை போய், அந்த ஓசி டிக்கெட்டையும் வாங்கிவிட்டாய். காசு வைத்து ஆடுவதைத் தடுக்கிற சட்டம் அப்போது வரவில்லை, காசு மேசைகள் திறந்திருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம், அதுவும் மூணு மணிக்கு. உன் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. பிள்ளை ஜெயித்தானே என்று சந்தோஷப்பட வேண்டியவள், அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பயந்து போனேன். என்னோடு செக்கிங்கில் உட்கார்ந்தவளின் புருஷன் இப்படி ஓசியில் கிடைத்த டிக்கெட்டில்தான் உள்ளே போனான். அவள் ஒவ்வொரு மாதமும் கழுத்திலிருந்து, காதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் குறைந்து வேலைக்கு வந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத பையன், கையில் திறமை, வாசலில் சந்தனம். இதைவிட வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக மடக்குவாய் என்று தெரியும், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு நீ அடுக்களைக்குள் போனாய். நான் ஹாலில் தனியாக ஓசி ஆட்டத்தைத் திறந்து உட்கார்ந்தேன், சீட்டு எதுவும் கண்ணில் படவில்லை. உன் அப்பா தூங்கி எழுந்து வந்து, "இன்னாமே, புள்ள உள்ள ஆடுறான், நீ இன்னா இங்க தனியா மூஞ்ச தொங்கப் போட்டுகினு குந்திகினு கீறே?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் என் போனில், ஆடுகிறவர்கள் பட்டியலில், என் பெயருக்குக் கொஞ்சம் கீழே 'சுக்குக்காபி' என்று வந்து நின்றது. நான் இரண்டு முறை பார்த்தேன். நீ பெரிய ஆட்டத்துக்குப் போகவில்லை. டிக்கெட் அப்படியே காலாவதி ஆனது. அப்புறம் நீ டீயோடு வந்தபோது ஏன் என்று கேட்டேன். "அங்க யாரும் டீ போட மாட்டாங்கம்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த ஓசி ஆட்டம் ஆடுவதில் என்ன இருக்கிறது? லாபம் என்று கேட்டால் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆரம்பத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளுவார்கள், போனால் போகட்டும், ஓசிதானே. அதில் தப்பித்துப் பொறுமையாக மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கடைசியில் கிடைப்பது உள்ளே வா என்கிற ஒரு சீட்டு. வாசலில் இலவசம் என்று எழுதியிருந்தாலும் மதியத்தை வாங்கிக்கொள்கிறார்கள், ஆசைக்கு விதை போட்டு அனுப்புகிறார்கள். வேலை வெட்டி இருக்கிறவன் அதற்காக ஆடினால் நான் திட்டுவேன். நம் கதை வேறு. நம் இருவர் மதியமும் அப்போது யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. அந்த மூணு மணியை உன்னால் தனியாகத் தாண்டியிருக்க முடியாது, என்னாலும் முடியாது. நீ எனக்காகத் தோற்றுக்கொண்டே தாண்டினாய், நான் ஜெயிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தாண்டினேன். இப்போது டிக்கெட்டும் இல்லை என்பது எனக்கு நிம்மதி. சந்தனம் மட்டும் மிச்சம். மூணு மணிக்குப் போனைத் திறந்தால் உன் இஞ்சி தட்டுகிற சத்தம் காதில் விழுகிறது, அதற்காகத்தான் ஆடுகிறேன். கேள்விக்குப் பதில் முடிந்தது.

ஆனால் கடிதம் முடியவில்லை. சனிக்கிழமை, நீ கட்டிக்கொள்ளப்போகிற ஷாரன் தன் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாளே, நீ ஸ்வீட் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் மேல் கோபப்படாதே, நான்தான் அவள் முகத்தைப் பார்த்துத் துருவிக் கேட்டேன். "ஆன்ட்டி, புனேயில அவருக்கு நல்ல வேலை வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லப் போறாராம். அப்புறம் கிடைச்ச இந்தச் சின்ன வேலையே போதுமாம், இங்க பக்கத்துல கோவில்பதாகையிலேயே வீடு பாக்கலாம்னு சொல்றார்" என்றாள். "உனக்கு இஷ்டம்தானே?" என்று கேட்டேன். "எனக்கு அங்க மாத்திக் குடுக்கறதா ஆபீஸ்ல சொல்லிட்டாங்க ஆன்ட்டி. ஆனா அம்மா காலு இப்படி இருக்கும்போது எப்படிப் போறதுன்னு அவர் சொல்றார். நான் என்ன சொல்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு பெரிய விஷயம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. என் கண் முன்னாலேயே உட்கார்ந்து மீன் சாப்பிட்டுவிட்டு, ஓசி ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டை எடுத்து உன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அப்புறம் கோபம் இறங்கிவிட்டது. மறுபடியும் அந்த ஸ்டூல்தான் கண்ணுக்குள் வந்தது. உனக்கு முதுகுப்பக்கம் நான் நிற்கிறேன், உன் கையில் ரெண்டு ஆஸ் இருக்கிறது, நீ யோசிக்காமல் மடக்கப் பார்க்கிறாய். அன்று நான் சத்தம் போடாமல் திரும்பிப் போனேன், ஏனென்றால் போவது வெறும் சில்லு. இன்று அப்படிப் போக மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை மடக்கினாயே, அது சொத்தைக் காய், மடக்கியதற்கு உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவேன். இது அப்படி இல்லை. எத்தனை வருந்துகிறோம், எத்தனை வாழ்த்துகிறோம் படித்த பிறகு உன் கைக்கு வந்த சீட்டு இது. இதை என் கணுக்காலுக்காக மடக்கினால், அப்புறம் நான் நடக்கிற ஒவ்வொரு எட்டும் எனக்குக் குத்தும்.

என் கால் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் காட்டுகிறேன். நேற்று நீ ஆபீஸுக்குக் கிளம்பியதும் உன் அப்பாவைப் பட்டறைக்கு லீவு போடச் சொல்லி, அவரோடு அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். விழுந்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போனதில்லை, ஷேர் ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போவேன், உனக்குத் தெரியும். கையைப் பிடிக்க வராதே என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டு அதே மேம்பாலத்தில் ஏறினேன். ஏறுவதில் ஒன்றும் இல்லை. இறங்கும்போது, விழுந்த படி வந்தபோது, நின்றுவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, வாயில் 'கர்த்தாவே' என்று வந்துவிட்டது. கீழே நின்ற உன் அப்பா, "மெதுவா வாமே, ஒண்ணும் அவசரமில்ல, நான் இங்கதானே கீறேன்" என்றார். கைப்பிடியை விட்டுவிட்டு இறங்கினேன். இறங்கியதோடு நிற்காமல், வெளியே கீரையும் முருங்கைக்காயும் வாங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு சேக்காடுவரை நடந்தே வந்தேன். ராத்திரி நீ சாப்பிட்டாயே முருங்கைக்காய் குழம்பு, அது அந்தப் படி இறங்கி வந்த முருங்கைக்காய். கால் வலித்ததா என்றால் வலித்தது. வயசானால் வலிக்காத கால் யாருக்கு இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா பெரிய மனுஷனாக, "புள்ளகிட்ட சொல்லு, நான் கீறேன்ல, எனக்கு டீ போடத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அது டீயா கஷாயமா என்று இன்னும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குடித்தேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நன்றாக இருப்போம். அங்கே அடுக்களையை ஷாரன் தலையில் போடாமல் நீயும் பார்த்துக்கொள், உனக்கு வரும். இஞ்சி தட்டிப் போடுகிற பதம் உன் அளவுக்கு இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவள் கொடுத்து வைத்தவள். நானும் கொடுத்து வைத்தவள்தான், என் மாதங்களை நான் அனுபவித்துவிட்டேன், இனி அவள் முறை.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காதே. இதைப் படித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, இன்றைக்கே அவர்களுக்குச் சரி என்று எழுதிவிடு. அப்புறம், புனேயிலும் மூணு மணிதான். லீவு நாளில் நேரம் கிடைத்தால் போனைத் திற, செக்கிங்மேடம் இருப்பாள். நான் 'கர்த்தாவே' என்று கத்தினாலும் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது, அது மிகவும் நல்லது. கையில் ரெண்டு ஆஸ் வந்தால் வைத்துக்கொண்டு ஆடு, என்னைத் தோற்கடி. டீயை நானே எழுந்து போட்டுக்கொள்வேன்.

அம்மா